நாய் மண்டையோட்டுல என்ன படிக்கலாம்? – டாக்டர் அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: டாக்டர் அண்ணாச்சி, நான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரில முதல் வருஷம் படிக்கேன். அனாட்டமில எலும்பு பாடம் ஓடிட்டு இருக்கு. நாய் மண்டையோட்டுல அவ்வளவு ஓட்டை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ராத்திரி மனப்பாடம் பண்ணது காலைல மறந்து போகுது. ஹாஸ்டல்ல வச்சுப் படிக்க பிளாஸ்டிக் மாடல் வாங்கலாமா, இல்ல ஆன்லைன்ல ஒரிஜினலே விக்காங்களே, அத வாங்கலாமா?
– ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: ரெண்டையும் இப்ப வாங்காத தாயி. உங்க டிபார்ட்மென்ட்லயே நல்ல எலும்பு இருக்கும், சார்கிட்ட கேட்டு சாயங்காலம் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்க அனுமதி வாங்கிக்க. 2012ல இந்தக் கல்லூரி வாரதுக்கு முன்னாடி தெக்கத்திப் பிள்ளைக இந்தப் படிப்பு படிக்கணும்னா நாமக்கல் போகணும், இல்லன்னா மெட்ராஸ் வேப்பேரிக்குப் போகணும். இப்ப வாசல்லயே இருக்கு, நல்லா பயன்படுத்து.

பிளாஸ்டிக் மாடல் மோசம்னு நான் சொல்லல, பேரு படிக்க அது போதும், கீழ விழுந்தாலும் உடையாது. ஆனா அது எல்லாமே ஒரே அச்சு, எத்தன வாங்கினாலும் அதே நாய்தான். நிஜ மண்டையோடு அப்படி இல்ல, ஒவ்வொண்ணும் தனித்தனி நாயி. ஒண்ணுல கோரைப்பல் முனை உடைஞ்சு மழுங்கி இருக்கும், இன்னொண்ணுல ஒரு பக்கம் கடைவாய்ப்பல் விழுந்து அந்தக் குழி எலும்பு வளந்து மூடி இருக்கும், அப்படின்னா பல்லு போன பிறகும் அந்த நாய் ரொம்ப நாள் உயிரோட இருந்திருக்குன்னு அர்த்தம். நாளைக்கு டேபிள்ல உன் முன்னாடி வரப்போறது இந்த மாதிரி ஒரு நாய்தானே, அச்சுல வார்த்தது இல்லையே.

மறந்து போகுதுங்கியே, அதுக்குக் காரணம் நீ பேரைப் பிடிச்சுப் படிக்க. பேரை விடு, ஓட்டை வழியா என்ன போகுதுன்னு கேளு. ஒரு பூங்கம்பிய எடுத்துக்க, ஊசி வேண்டாம், கீறிரும். கண்குழிக்குள்ள இருந்து கம்பிய முன்பக்கமா பைய விட்டா அது மேல்தாடைக்குள்ள நுழைஞ்சு மூணாவது முன்கடைவாய்ப்பல்லுக்கு மேல உள்ள ஓட்டை வழியா வெளிய வரும். இது கண்குழிக் கீழ்க் கால்வாய், மேல்வரிசைப் பல்லுக்கும் மேல் உதட்டுக்கும் உணர்ச்சி கொண்டு போற நரம்பு இது வழியாத்தான் போகுது. இப்ப உயிரோட உள்ள ஒரு சாதுவான நாயோட மேல் உதட்டத் தூக்கி அந்த இடத்துல விரல வச்சுப் பாரு, ஓட்டையோட விளிம்பு தட்டுப்படும். பல்லு பிடுங்கும்போது மரத்துப் போற ஊசி போடுறது அங்கனதான். ஒரு தடவ கம்பியாலயும் விரலாலயும் பாத்துட்டா அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது தாடை மூட்டு. கீழ்த்தாடைய அதோட குழியில வச்சு ஆட்டிப் பாரு. மேல கீழ நல்லா போகும், பக்கவாட்டுல அசைக்கப் பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே நகராது, கதவுக் கீல் மாதிரி. மூட்டோட முனை குறுக்கால உருளையா இருக்கும், குழிக்குப் பின்னாடி ஒரு எலும்பு முட்டு இருக்கும், தாடை பின்னால வழுக்கிப் போகாம பிடிக்கிறது அதுதான். பசுமாடு அசை போடுதத பாத்திருப்ப, தாடை சைடுல போயி வரும், நாய்க்கு அது முடியாது, அதனாலதான் நாய் அரைக்காம துண்டாக்கி விழுங்குது. மேல்வரிசை நாலாவது முன்கடைவாய்ப்பல்லும் கீழ்வரிசை முதல் கடைவாய்ப்பல்லும் ஒண்ண ஒண்ணு உரசிக்கிட்டு இறங்குற இடத்த வாயை மூடி வச்சு சைடுல இருந்து பாரு, கறிய வெட்டுற ஜோடி அதுதான். எலும்பக் கடிக்கும்போது நாய் தலையச் சாச்சு வாயோட ஓரத்துக்குத் தள்ளும்லா, ஏன்னு இப்பப் புரியும்.

பல்லு மொத்தம் 42. மேல 20, கீழ 22, கீழ ஒரு கடைவாய்ப்பல்லு ரெண்டு பக்கமும் கூடுதல். கண்குழியையும் கவனி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது முழு வளையமா எலும்பா இருக்கும், நாய்க்கு வெளிப்பக்கம் திறந்து கிடக்கும், உயிரோட இருக்கும்போது அந்த இடத்த ஒரு நார்தான் கட்டி வச்சிருக்கும். கண்ணுக்கு அடியிலயும் எலும்புத் தரை சரியா கிடையாது, வெறும் சதைதான். அதான் கண்ணுக்குப் பின்னாடி சீழ் வச்ச நாய் வாயைத் திறக்க விடாம கத்தும், கீழ்த்தாடை எலும்பு போயி அங்க அழுத்தும்லா.

ஆன்லைன் ஒரிஜினல் வேண்டாம்னு ஏன் சொல்லுதேன்னா, அந்த நாய் எப்படிச் செத்துச்சுன்னு விக்கிறவன் சொல்ல மாட்டான். நம்ம படிப்புக்காக ஒரு நாய அடிச்சுக் கொன்னிருந்தா அந்தப் பாவத்துல நமக்கும் பங்கு வந்துரும், 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அதோட நாய்னு சொல்லி நரி மண்டையோட்ட தலையில கட்டிருவாங்க, அது வனத்துறை கேசு.

கேள்வி: எங்க வீட்டு ராஜபாளையம் நாய்க்கு எட்டு வயசு. கண்ணுக்குக் கீழ வீங்கி, உடைஞ்சு சீழ் வருது. மருந்து போட்டா ஆறுது, திரும்ப வருது. கண்ணுல கோளாறா அண்ணாச்சி?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பெரும்பாலும் கண்ணு இல்ல, பல்லு. மேல சொன்ன அந்த நாலாவது முன்கடைவாய்ப்பல்லுக்கு மூணு வேரு, மண்டையோட்டுல பாத்தா அந்த வேரு கண்ணுக்குக் கீழ உள்ள எலும்புக்குள்ள ஏறி நிக்கும். எலும்பக் கடிச்சு பல்லுல வெடிப்பு விட்டா வேருல சீழ் கட்டும், அது சுலபமான வழி தேடி கன்னத்து வழியா கண்ணுக்குக் கீழ வந்து உடையும். வெளிய களிம்பு தடவினா அந்த நேரத்துக்கு ஆறும், வேரு உள்ள இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். மயக்கம் குடுத்து வாய்க்குள்ள பாத்து எக்ஸ்ரே எடுத்து, பல்ல எடுக்கணுமான்னு டாக்டர் முடிவு பண்ணணும். இனிமே வெந்த எலும்பு போடாதீங்க.

கேள்வி: என் மகன் ஆறாப்பு படிக்கான். ஆத்தங்கரையில ஒரு மண்டையோடு கிடந்துச்சுன்னு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டான், வெள்ளையா காஞ்சு போயி இருக்கு. அவுக அம்மா தூக்கிப் போடச் சொல்லுதா, அவன் அழுதான். நாயா நரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது? வச்சுக்கலாமா?
– ஒரு தகப்பனார், அம்பாசமுத்திரம்

பதில்: முதல்ல பையன ஏசாதீங்க. எலும்பப் பாத்து இது என்னன்னு கேக்குத பிள்ள நல்ல பிள்ள. சதை, தோல், மூளை ஒண்ணும் இல்லாம வெயில்ல வெளுத்த எலும்புன்னா பெரிசா பயப்பட வேண்டாம், கைய சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க. ஆனா சதையோட, நாத்தத்தோட ஒரு தலை எங்கயாவது கிடந்தா கிட்டயே போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி வைங்க, காரணத்த கீழ டீச்சருக்குச் சொல்லிருக்கேன்.

இப்ப மண்டையோட்ட மேஜையில வச்சுப் பாருங்க. மேல முன்பல்லே இல்லன்னா அது ஆடோ மாடோதான். முகம் குட்டையா உருண்டையா, கண்குழி பெரிசா முன்னாடி பாத்து இருந்தா பூனை, அதுக்கு மொத்தமே 30 பல்லுதான். மூக்கு நீண்டு 42 பல்லுக்கு இடம் இருந்தா நாய் குடும்பம். கஷ்டம் இதுக்கு அப்புறம்தான், நரிக்கும் அதே 42 பல்லு. மூக்கு எலும்புல இருந்து நெத்திக்கு ஏறுற இடத்த சைடுல பாருங்க, நாய்க்கு பொதுவா ஒரு படி மாதிரி ஏறும், நரிக்கு சரிவா போகும், மண்டையோடும் சின்னதா குறுகலா இருக்கும், கோரைப்பல்லு மெல்லிசா இருக்கும். ஆனா நம்ம ஊரு ஒல்லியான தெருநாய் மண்டையோட்டையும் நரியோடதையும் பக்கத்துல வச்சா படிச்சவனே கொஞ்சம் நிதானிச்சுத்தான் சொல்லுவான், அதனால ஒரு அடையாளத்த மட்டும் பிடிச்சுக்கிட்டு முடிவு பண்ணாதீங்க.

உங்க ஊரு மலையடிவாரம், மேல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்க செந்நாயும் உண்டு. அதுக்கு கீழ்த்தாடையில ஒவ்வொரு பக்கமும் ஒரு கடைவாய்ப்பல்லு குறைவு, மொத்தம் 40. கீழ்த்தாடை கிடைச்சிருந்தா எண்ணிப் பாருங்க, கடைசிப் பல்லு சின்னது, காஞ்ச தாடையில விழுந்திருக்கும், அதனால பல்ல எண்ணாம குழிய எண்ணணும்.

நரி, செந்நாய் ரெண்டுமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, மண்டையோட்ட வீட்டுல வச்சுக்கக் கூடாது. சந்தேகம்னா ரேஞ்சர் ஆபீஸ்ல குடுத்துருங்க, பையனையும் கூட்டிட்டுப் போங்க. நாய்தான்னு உறுதியாச்சுன்னா எங்க கிடைச்சுது, எந்த தேதின்னு ஒரு சீட்டு எழுதிக் கட்டி பள்ளிக்கூடத்துல குடுக்கச் சொல்லுங்க, அவன் பேரையும் எழுதட்டும்.

கேள்வி: நரிக்கொம்புன்னு ஒண்ணு வீட்டுல வச்சா காசு சேரும்னு ஒருத்தர் விக்கிறாரு. நிஜமாவே நரிக்குக் கொம்பு உண்டா?
– ஒரு வாசகி, ஏரல்

பதில்: கிடையாதும்மா. நாய், நரி, ஓநாய் எதோட மண்டையோட்டுலயும் கொம்பு நிக்க அடி எலும்பே இல்ல. உச்சியில நடுவுல ஒரு வரப்பு எலும்பு ஓடும், பின்மண்டையில ஒரு முடிச்சு இருக்கும், அது ரெண்டும் கடிக்கிற தசையும் கழுத்துத் தசையும் பிடிக்கிற இடம், அவ்வளவுதான். விக்கிறது ரோமத்தோட சேத்து ஒட்டின போலி. இந்த வியாபாரத்துக்காக நரிய கொல்லுதாங்க, வாங்காதீங்க, வாங்குறவங்களையும் தடுங்க.

கேள்வி: ஐயா, நான் மேல்நிலைப் பள்ளியில உயிரியல் டீச்சர். ரோட்டுல அடிபட்டு செத்த நாயோட மண்டையோட்ட பிள்ளைங்களுக்குக் காட்ட சுத்தம் பண்ணி வைக்கலாம்னு ஆசை. யூடியூப்ல கொதிக்க வச்சு பிளீச்சிங் பவுடர் போடுறாங்க. அது சரியா?
– ஒரு ஆசிரியை, தென்காசி

பதில்: டீச்சர், ஆசை ரொம்ப நல்ல ஆசை, ஆனா ரோட்டுல கிடக்கிற நாயத் தொடாதீங்க. அடிபட்டுதான் செத்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும், வெறி பிடிச்சுத் தடுமாறி வண்டியில விழுந்திருந்தா? வெறிநோய்க் கிருமி மூளையிலயும் நரம்புலயும் எச்சில்லயும்தான் இருக்கு, மண்டையோடு சுத்தம் பண்ணுறதுன்னாலே அதே மூளையையும் வாயையும்தான் நோண்டணும். வாயில நுரையோட இருந்தது, ஒரு வாரமா ஆளு மாறி நடந்துக்கிட்டதுன்னு தெரிஞ்ச நாயா இருந்தா கேக்கவே வேண்டாம், கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்க. தெரியாமத் தொட்டு, கையில கீறல் இருந்தோ கண்ணுல வாயில தெறிச்சோ இருந்தா, ஓடுற தண்ணில 15 நிமிஷம், கைய சோப்பு போட்டும் கண்ணு வாய வெறும் தண்ணியாலயும் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரியில ஊசிக்குப் போகணும். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாத்துறது அநேகமா நடக்காத காரியம். இந்த வேலைய தொடர்ந்து செய்யுறவங்க முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கிடுவாங்க.

அதனால தெரிஞ்ச வீட்டு நாய், தடுப்பூசி போட்டது, வயசாகியோ வேற தெரிஞ்ச நோயிலயோ செத்தது, வீட்டுக்காரங்க மனசார சம்மதிச்சது, அப்படி ஒண்ணா இருந்தா மட்டும் யோசிங்க. தோலுரிக்கிறது, மூளை எடுக்கிறது ரெண்டையும் ஒரு கால்நடை டாக்டர் பாத்துக்கட்டும், பிள்ளைங்க பக்கத்துல வேண்டாம்.

அதுக்கப்புறம் உள்ள வேலைய நீங்க பாக்கலாம், கையுறை போட்டுக்கிடுங்க. கொதிக்க வைக்காதீங்க. கொதிச்சா கொழுப்பு எலும்புக்குள்ள இறங்கிரும், பின்னாடி மஞ்சளா எண்ணெயா கசியும், பல்லு வெடிக்கும், மூக்குக்குள்ள இருக்கிற மெல்லிசான சுருள் எலும்பு நொறுங்கிரும். அந்தச் சுருளுதான் நாயோட மோப்பத்துக்கே அடிப்படை, மூக்கு ஓட்டை வழியா டார்ச் அடிச்சா அடுக்கடுக்கா தெரியும், பிள்ளைங்க வாயைப் பிளந்து பாக்கும், அதப் போயி கெடுத்துக்கலாமா. பிளீச்சிங் பவுடரும் கூடாது, எலும்ப அரிச்சு சுண்ணாம்பா உதிர வைக்கும்.

நல்ல வழி தண்ணிதான். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியில முங்குற அளவு தண்ணி ஊத்தி ஊருக்கு ஒதுக்குப்புறமா வச்சிருங்க, தண்ணியில உள்ள பாக்டீரியா சதையத் தின்னுரும். நம்ம சித்திர வெயிலுக்கு வேலை சீக்கிரம் நடக்கும், சில வாரம் ஆகும், நாத்தம் தாங்காது, அத மட்டும் முன்னாலயே சொல்லிருதேன். தண்ணி மாத்தும்போது முழுசா கொட்டாம பாதிய விட்டு மாத்துங்க, இல்லன்னா பாக்டீரியா திரும்ப முதல்ல இருந்து வளரணும். ஊத்துற தண்ணிய கண்டிப்பா சல்லடையில ஊத்தணும். முன்பல்லு, கோரைப்பல்லு, முதல் முன்கடைவாய்ப்பல்லு, கீழ கடைசிக் கடைவாய்ப்பல்லு, இதெல்லாம் ஒத்த வேரு, கழண்டு விழுந்துரும், சாக்கடையில போச்சுன்னா போச்சு. கீழ்த்தாடையும் நடுவுல ரெண்டா பிரிஞ்சுரும், உடைச்சுட்டோம்னு பதறாதீங்க, நாய்க்கு அந்த இணைப்பு சாகுற வரைக்கும் எலும்பா சேராது, பிறகு பசை வச்சு ஒட்டிக்கலாம்.

சதை போன பிறகு பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சு, கலங்கக் கலங்க மாத்தி, கொழுப்பு மிதக்குறது நிக்கிற வரைக்கும் விடணும். இந்த இடத்துலதான் நிறைய பேரு பொறுமை இல்லாம கெடுத்துக்கிடுவாங்க. கடைசியா மெடிக்கல்ல கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுல ஒரு நாள் போட்டு எடுத்து நிழல்ல காய வைங்க, நேர் வெயில் பட்டா பல்லு வெடிக்கும்.

புதைச்சு எடுக்கலாமேன்னு கேப்பீங்க. எடுக்கலாம், ஆனா மாசக்கணக்குல ஆகும், செம்மண்ணா இருந்தா எலும்பு அந்த நிறத்த வாங்கிக்கிடும், சின்ன எலும்பு காணாமப் போகும். மியூசியங்கள்ல இதுக்குன்னே ஒரு வண்டு வளக்காங்க, காஞ்ச சதைய மட்டும் தின்னுட்டு எலும்பத் தொடாது, நம்ம தூத்துக்குடி பக்கம் கருவாட்டு மூட்டையில விழுற வண்டோட சொந்தம்தான் அது. வீட்டுல, பள்ளிக்கூடத்துல வளத்துராதீங்க, தப்பிச்சுதுன்னா கருவாடு, தோல் சாமான் ஒண்ணையும் விடாது.

கேள்வி: பன்னிரண்டு வருஷமா எங்ககூட இருந்த சிப்பிப்பாறை நாய் படுத்த படுக்கையா இருக்கு, டாக்டர் கை விரிச்சுட்டாரு. அது போன பிறகு பிள்ளைங்க படிக்கக் குடுக்கலாம்னு எம் மகன் சொல்லுதான். எங்க ஆத்தா, நன்றியுள்ள ஜீவன அறுக்கக் குடுக்கிறது பாவம்கா. நீங்க என்ன சொல்லுதிய?
– ஒரு விவசாயி, கோவில்பட்டி

பதில்: ஆத்தா சொல்லுததுல மரியாதை இருக்கு, அவுக மனசு ஒப்பாம செய்யாதிய. புதைச்சு மேல ஒரு வேப்பங்கன்னு வைக்கிறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா என் மனசுல உள்ளதையும் சொல்லணும்லா.

பாடப் புத்தகத்துல வார நாய்த் தலை பெரும்பாலும் வெளிநாட்டு நாயோடது. 2005ல தபால்துறை நாலு இந்திய நாய்க்கு ஸ்டாம்ப் போட்டப்ப ராஜபாளையத்துக்கு இடம் கிடைச்சுது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கல. கரிசக்காட்டுல முயலுக்குப் பின்னால ஓடுத உங்க நாயோட மண்டையோடு நீளமா, குறுகலா, பின்மண்டை முடிச்சு கைக்கு நல்லா தட்டுப்படுற மாதிரி இருக்கும். முதுகுத்தண்டு நீர் எடுக்க ஊசி போடும்போது டாக்டரு விரல் தேடுற முதல் அடையாளம் அந்த முடிச்சுதான். நம்ம பிள்ளைக நம்ம ஊரு நாயத் தொட்டுப் பாத்து இதப் படிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. வயசு, ஆணா பொட்டையா, என்ன நோயில போச்சு, எந்த ஊரு, இவ்வளவும் எழுதி வச்ச ஒரு சிப்பிப்பாறை மண்டையோடு, விவரம் தெரியாத பத்து மண்டையோட்டுக்கு மேல.

குடுக்கிறதா இருந்தா இப்பவே ராமையன்பட்டி காலேஜ் அனாட்டமி டிபார்ட்மென்ட்ல கேட்டு வைங்க, எடுத்துக்கிடுவாங்களான்னு அவுகதான் சொல்லணும். உயிர் போன பிறகு அலைய நேரம் இருக்காது, நம்ம வெயில்ல சில மணி நேரத்துலயே உடம்பு கெட ஆரம்பிச்சுரும், ஐஸ் வச்சுத்தான் கொண்டு போகணும். சம்மதம்னு எழுதிக் குடுங்க, தடுப்பூசி அட்டையையும் கூட வைங்க. அதுவரைக்கும் வலி தெரியாம இருக்க மருந்து கேட்டு வாங்கிக் குடுங்க, கை விரிச்ச டாக்டர்கிட்டயும் அது இருக்கும்.

கேள்வி: பக் நாய்க்குட்டி வாங்கலாம்னு இருக்கோம். குறட்டை விடுமாமே, அழகா இருக்கும்னு பிள்ளைங்க ஆசைப்படுது.
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்தக் குறட்டை அழகு இல்லம்மா, மூச்சு கிடைக்காத சத்தம். மனுஷன் தேர்ந்தெடுத்து வளத்து வளத்து முக எலும்ப சுருக்கிட்டான், உள்ள இருக்கிற நாக்கும் அண்ணத்தோட பின்பக்கச் சதையும் அதே அளவுக்குச் சுருங்கல. பக் மண்டையோட்ட சைடுல பாத்தா கீழ்த்தாடை முன்னால நீட்டிக்கிட்டு நிக்கும், மேல்தாடையில 20 பல்லுக்கு உரிய இடம் இல்லாம சில பல்லு திரும்பி குறுக்கால நிக்கும், கண்குழி ஆழம் இல்லாததால கண்ணு வெளிய தள்ளி இருக்கும், ஒரு முட்டு முட்டினா கண்ணே பிதுங்கிரும். நாய் உடம்புச் சூட்ட மூச்சு வாங்கித்தான் குறைக்கும், நம்ம அக்கினி நட்சத்திர வெயில்ல இந்த நாய் படுத பாட்ட நான் ஆஸ்பத்திரி டேபிள்ல பாத்திருக்கேன். ஏற்கெனவே வாங்கினவங்க கழுத்துல பெல்ட் கட்டாம மார்புப் பட்டை கட்டுங்க, மதியம் வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க, குண்டாக விடாதீங்க. நீங்க இன்னும் வாங்கலதானே, தெருவுல நிக்கிற ஒரு நாட்டுக் குட்டிய எடுத்து தடுப்பூசி போட்டு வளங்க, மூக்கு நீளமா இருக்கும், மூச்சு நல்லா விடும்.